இருந்து சாப்பிடுவோம்

யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இப்போது அதிகம். 2009இல் போர் முடிந்த பின்னர் ஏ9 வீதியில் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் நல்லூர், கோட்டை, கீரிமலை என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் வன்னியில் இருக்கும் நாங்கள் அங்கே போவதென்றால் ஏதாவது அலுவல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, கந்தோர், கலியாணவீடு, செத்தவீடு. சும்மா ஒரு நாள் போய் வருவது என்பது எங்களில் பலருக்குப் பழக்கமில்லை.

இம்முறை நானும் கணவரும் சும்மா போனோம். கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மூன்று நாள் பயணம். அவர் திருகோணமலைக்காரர். யாழ்ப்பாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்குச் சாப்பிட்டுப் பார்த்தவர் அல்ல. ஆகவே சாப்பாட்டுக்காகவே போவது என்று தீர்மானித்தோம்.

மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். பெரிய ஹோட்டல்களுக்குப் போவதில்லை. ஓர் இடத்திலேயே வயிற்றை நிரப்பாமல் எதையும் இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவது. மூன்றாவது நிபந்தனை நான் போட்டது: பார்சல் கட்டுவதில்லை, எங்கேயும் இருந்துதான் சாப்பிடுவது.

அதற்குக் காரணம் இருந்தது. நான் வேலை செய்யும் பகுதியில் பெரும்பாலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். ஒரு கூட்டத்தின் இடைவேளையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, “கடைசியாக எப்ப ஒரு கடையிலை இருந்து சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர், “இவர் இருக்கேக்கை” என்றார். அப்படியென்றால் பதினைந்து வருடத்துக்கு மேல். இன்னொருவர், “கிளினிக் நாளிலை பசி எடுத்தாலும் ஒரு பணிஸை வாங்கி பஸ்ஸுக்கை வைச்சுத்தான் தின்னுறது. தனியக் கடைக்குள்ளை போனால் ஆரும் கண்டு என்ன கதைப்பினமோ” என்றார். அந்தப் பதில்களை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பயணம் முழுவதும் சாப்பிட்டேன்.

நகரத்துச் சைவக் கடை

முதல் நாள் மத்தியானம் யாழ்ப்பாண நகரம். பெரிய கடைப் பகுதியில் உள்ள மலாயன் கபேக்குப் போனோம். பெயரைக் கேட்டதும் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தவர்களின் நினைவு வரும். பழைய காலத்து மாபிள் மேசைகள், கண்ணாடி அலுமாரிக்குள் வடையும் இனிப்பும், சுவரில் சுவாமிமார் படங்கள். வாழையிலையில் சோறும் மரக்கறியும் பருப்பும் வந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் இலையை நாங்களே மடித்துச் சுவரில் உள்ள துவாரத்தினூடாகத் தள்ளிவிட வேண்டும். இவருக்கு அது பெரிய புதினம். இரண்டு தரம் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

யாழ்ப்பாண நகரத்துச் சைவக் கடைகள் நெடுங்காலமாக ஆண்களின் இடங்கள். சந்தைக்கு வந்த கமக்காரர், கந்தோர் உத்தியோகத்தர், கோட்டுக்கு வந்தவர் என்று ஆண்கள் இருந்து சாப்பிட்டார்கள். பெண்களுக்குப் பார்சல் போனது. சில கடைகளில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று திரைச்சீலை போட்ட ஒரு மூலை இருக்கும். அம்மாவோடு சிறுவயதில் அப்படியான ஒரு மூலையில் இருந்து வடை சாப்பிட்டது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது.

இன்று அந்த நிலை மாறிவருகிறது. நாங்கள் இருந்த நேரத்தில் இரண்டு இளம் பெண்கள், வேலைக்கு இடையில் வந்தவர்கள் போல, வந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி அல்ல. அன்று காலை வழியில் ஒரு தேநீர்க் கடையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, பரிமாறுகிறவர் எனக்கு என்ன வேண்டும் என்று என் கணவரிடம் கேட்டார். இவர் என்னைக் காட்டி, “அவவிட்டையே கேளுங்கோ” என்றார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. பெண்ணொருத்தி தனக்கு வேண்டியதைத் தானே சொல்லுவாள் என்ற பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். ஆணோடு வந்த எனக்கே இப்படியென்றால் தனியாக வரும் ஒரு பெண் வாசலில் தயங்குவதில் வியப்பில்லை.

அம்மாச்சி

பின்னேரம் திருநெல்வேலிக்குப் போனோம். அங்கேதான் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. வடமாகாண விவசாயத் திணைக்களம் 2010களின் நடுப்பகுதியில் தொடங்கிய முயற்சி இது. வன்னியிலும் இதன் கிளைகள் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் ‘ஹெல போஜுன்’ என்ற பெயரில் விவசாயத் திணைக்களம் நடத்தும் பெண்களின் உணவகங்களை ஒத்தது. அம்மாச்சி என்றால் அம்மாவின் அம்மா. பெயரிலேயே சாப்பாட்டு வாசம் இருக்கிறது.

இங்கே சமையல் மறைவில் நடப்பதில்லை. சமைக்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். தலைக்குத் தொப்பி போட்டு, எங்கள் கண் முன்னாலேயே தோசை சுடுகிறார்கள், புட்டு அவிக்கிறார்கள், வடை தட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அடுப்பு, ஒவ்வொரு பண்டம். விற்ற காசு சமைத்தவர்களுக்குப் போகிறது. குரக்கன், உழுந்து, பயறு, கீரை என்று எங்கள் மண்ணில் விளைகிறவற்றை வைத்துத்தான் பெரும்பாலான பண்டங்கள். விலையும் குறைவு. நாங்கள் ஒரு குரக்கன் புட்டு, ஒரு உழுந்து வடை, ஓர் இலைக்கஞ்சி வாங்கிப் பங்கிட்டோம்.

நான் கவனித்த விடயம் வேறு. வாங்க வந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்த தாய்மார், பல்கலைக்கழக மாணவிகள், தனியாக ஸ்கூட்டரில் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போன ஒரு பெண். அடுப்படியில் பெண்கள் நிற்பது தெரிந்தால் மேசையில் இருக்கப் பெண்களுக்குத் துணிவு வருகிறது. சமூகவியல் வகுப்பில் பொதுவெளி என்று பல பக்கம் படித்திருக்கிறேன். அந்தப் பக்கங்களின் சாரம் அந்தக் கஞ்சிக் கோப்பையில் இருந்தது.

வடை சுட்டுக்கொண்டிருந்த அக்காவோடு கொஞ்சம் கதைத்தேன். “வீட்டிலை இருவது வருசம் சமைச்சன் பிள்ளை. ஒரு நாளும் ஒருத்தரும் கணக்குப் பாக்கேல்லை. இஞ்சை ஒவ்வொரு வடைக்கும் கணக்கு” என்றார். சொல்லிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடைகளை எடுத்து எண்ணி வைத்தார்.

2022ஆம் ஆண்டு நாட்டில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மா விலை ஏறிக்கொண்டே போனது. வீட்டோடு சாப்பாட்டுத் தொழில் செய்த பெண்கள் பலர் அப்போது அடுப்பை அணைக்க வேண்டி வந்தது. வேறு சிலர் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். கணக்கு எழுதத் தெரிந்திருந்தவர்கள் எந்தப் பண்டத்தை நிறுத்துவது, எதற்கு விலை கூட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டார்கள். எழுதாதவர்கள் விற்க விற்க நட்டப்பட்டார்கள். வடைக்குக் கணக்கு என்பது சின்ன விடயம் அல்ல.

நயினாதீவுப் பந்தி

இரண்டாம் நாள் தீவுப் பக்கம். பண்ணைப் பாலத்தால் ஏறி, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளியது. அங்கிருந்து படகில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்குப் போனோம்.

அங்கே விலை இல்லை, தெரிவு இல்லை. சோறு, பருப்பு, மரக்கறி, பாயசம். வரிசையில் இருந்தால் வருகிறது. எனக்குப் பக்கத்தில் வவுனியாவிலிருந்து பஸ் பிடித்து வந்த ஐந்தாறு பெண்கள். அவர்களில் மூவர் நெற்றியில் திருநீறு மட்டும். இங்கே தனியாக வந்தாயா, யாரோடு வந்தாய், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் கூச்சப்படவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் சமூகத்தில் பெண் தனியாக இருந்து சாப்பிடக் கூசாத இடம் ஒன்று உண்டென்றால் அது கோயில் பந்திதான்.

மண்டபத்தின் பெயரே மணிமேகலையின் கதையிலிருந்து வந்தது. மணிபல்லவத் தீவில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலைக்குக் கிடைத்தது. அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்வாரும் உண்டு. அந்தப் பாத்திரத்தில் முதல் அன்னம் இட்டவள் ஆதிரை. கடலில் போன கணவன் இறந்துவிட்டான் என்று ஊர் சொன்னது. அவள் தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று அசரீரி சொல்ல, காத்திருந்தாள். அவன் திரும்பி வந்தான்.

எங்களில் பலருக்கு அப்படி யாரும் வந்து சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பசி தீர்க்கும் பாத்திரத்தில் முதல் பிடி சோறு இட, காத்திருப்பின் வலி தெரிந்த ஒரு பெண்ணையே அந்தக் காப்பியம் தேர்ந்தெடுத்தது என்பதைப் படகில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அன்னதானம் பெரிய காரியம். அது கொடுக்கிறவருக்குப் புண்ணியம், பசித்தவருக்கு ஆறுதல். ஆனால் தன் உழைப்பில் வந்த காசை எண்ணிக் கொடுத்துத் தனக்குப் பிடித்ததைக் கேட்டுச் சாப்பிடும்போது வரும் நிமிர்வு வேறு. இடம்பெயர்ந்த காலத்தில் வரிசையில் நின்று கஞ்சியும் பார்சலும் வாங்கிச் சாப்பிட்டவர்கள் நாங்கள். தந்ததைச் சாப்பிட்டோம். என்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்க அப்போது எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

நல்லூரில் ஐஸ்கிறீம்

அன்று மாலை நல்லூர். கோயிலுக்குப் பக்கத்தில் ஐஸ்கிறீம் கடைகள் வரிசையாக உண்டு. அவற்றில் ரியோ வெளியூரிலும் பெயர் போனது. நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் இங்கே இருக்க இடம் கிடைப்பது அரிது. நாங்கள் போன நாளிலும் ஓரளவு கூட்டம்.

இவர் ஒரு பெரிய ஐஸ்கிறீம் சொன்னார். உயரமான கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நிறத்தில், மேலே ஜெலியும் பழமும் வேபரும் வைத்து வந்தது. இரண்டு கரண்டி. “நீர் முதலிலை எடும்” என்றார். “இல்லை, நீங்கள் எடுங்கோ” என்றேன். இப்படியே ஆளையாள் சொல்லிக்கொண்டிருக்க அது உருகத் தொடங்கிவிட்டது.

அடுத்த மேசையில் வயதான இரண்டு பெண்கள், வெள்ளைச் சேலை ஒருவர், நூல் சேலை ஒருவர். சகோதரிகளாக இருக்கலாம். ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். கதைக்கவே இல்லை. கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஒருவர் இடுப்பில் இருந்த கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்தார். மற்றவர் தடுத்துத் தன்னுடையதை நீட்டினார். கொஞ்ச நேரம் இழுபறி. கடைக்காரப் பெடியன் சிரித்துக்கொண்டு நின்றான். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த காட்சிகளில் அழகானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஓடக்கரைத் தோசை

மூன்றாம் நாள் காலை பருத்தித்துறைக்கு விட்டோம். பருத்தித்துறை என்றால் எல்லோருக்கும் வடைதான் நினைவு வரும். தட்டையாய், மொறுமொறுவென்று, உறைப்பாய், பெருஞ்சீரகம் மணக்கும் அந்த வடை பல நாள் கெடாது. கொழும்புக்குப் போகும், கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். வெளிநாட்டுக்குப் போகும் எந்தச் சூட்கேசிலும் ஒரு பை பருத்தித்துறை வடை இருக்கும். அவற்றில் பெரும் பகுதி வீடுகளில் பெண்கள் தட்டிச் சுடுவது.

நாங்கள் தேடிப் போனது ஓடக்கரைத் தோசை. பெயர்ப் பலகை இல்லை. வீடுகள்தான். வீட்டுக்குள் இருந்து பெண்கள் தோசை சுட்டுக் கொடுக்கிறார்கள். சில வீடுகளில் மதிலில் விட்ட ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் வியாபாரம். காசு உள்ளே போகும், தோசைப் பொதி வெளியே வரும். வளையல் போட்ட கை மட்டும் தெரியும், முகம் தெரியாது. தோசை மஞ்சள் நிறம். உழுந்தோடு வெந்தயமும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிய மா. கூடவே சம்பல். சூட்டோடு சாப்பிட வேண்டும்.

பார்சல் இல்லை என்ற நிபந்தனை இங்கே சிக்கலாகிவிட்டது. இருக்க இடம் இல்லையே. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, “இஞ்சை இருந்து சாப்பிடேலாதோ அம்மா?” என்று கேட்டேன். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “வெளியூரோ? படலையாலை உள்ளை வாங்கோ” என்று குரல் வந்தது. திண்ணையில் ஒரு பாயை விரித்துவிட்டார் அந்த அம்மா. அறுபது வயது இருக்கும். கல்லிலிருந்து எடுத்த தோசையை நேரே கோப்பையில் போட்டார். இவர் ஐந்து சாப்பிட்டார். நான் எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சின்ன ஓட்டையைப் பற்றி இருவிதமாகவும் யோசிக்கலாம். பெண் வெளியே வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டின் அடையாளம் என்று சொல்லலாம். அதேவேளை, கடை வாடகை இல்லாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தெருவில் யாருடைய பேச்சும் கேட்காமல் உழைக்க அது இடம் கொடுத்தது. ஊரடங்கு, இடப்பெயர்வு, தடை என்று எத்தனையோ வந்துபோன ஊரில் அந்தத் தோசைக்கல் மீண்டும் மீண்டும் சூடேறியிருக்கிறது. ஆனால் அந்தக் கையின் பெயர் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. ஓடக்கரைத் தோசை என்று ஊரின் பெயர்தான் நிலைத்தது.

திண்ணையில் இருந்தபோது, ஜப்பானில் உள்ள ஹிரோசிமா நகரத்தைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. அதை இவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அந்நகரத்தில் அணுகுண்டு போடப்பட்டது. வீடு போனது, ஆட்கள் போனார்கள், சாப்பாட்டுக்கும் வழி இல்லை. கிடைத்தது கோதுமை மாவும் கோவாவும். போருக்கு முன்னர் சிறுபிள்ளைகளுக்கு விற்ற மெல்லிய மாத் தோசை ஒன்று அங்கே உண்டு. கணவரை இழந்த பெண்கள் பலர் தம் வீட்டு முன்பகுதியில் இரும்புத் தகட்டைச் சூடாக்கி, அந்த மாத் தோசையின் மேல் கோவாவை நிறைத்துச் சுட்டு விற்றார்கள். அதற்கு ஒகொனொமியாகி என்று பெயர்.

அந்தக் கடைகள் பலவற்றின் பெயர் ‘சான்’ என்று முடியும். நாங்கள் வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது போல ஜப்பானியர் பெயரோடு சேர்த்துச் சொல்வது அது. காணாமல் போன தம் குடும்பத்தவர் என்றாவது அந்தத் தெருவால் வந்தால் பெயரைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று அப்படி வைத்தார்கள் எனச் சொல்லப்படுகிறது. இன்று ஹிரோசிமாவுக்குப் போகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை. ஒரே கட்டடத்துக்குள் மாடி மாடியாக ஒகொனொமியாகிக் கடைகள் இருக்கும் இடமும் அங்கே உண்டு. போரில் எல்லாம் இழந்த பெண்களின் அடுப்பிலிருந்து ஒரு நகரத்தின் பெயர்பெற்ற சாப்பாடு வந்தது.

இதைக் கேட்டுக்கொண்டு தோசை திருப்பிய அந்த அம்மா, “அப்ப அவையளும் எங்களைப் போலத்தான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கடைக்குப் பேர் வைச்சது நல்ல வேலை” என்றார்.

ஓராளுக்குக் காய்ச்ச முடியாத கூழ்

பருத்தித்துறையிலிருந்து கொடிகாமம் வீதியால் தென்மராட்சிக்கு வந்தோம். அங்கே என் அம்மாவின் வழியில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் வெளியேறி வந்தபோது எங்கள் குடும்பம் தங்கியது அவர் வீட்டு விறாந்தையில்தான். எனக்கு அப்போது ஆறு வயது. முப்பது நாற்பது பேர் இருந்த அந்த வீட்டில் பெரிய பானையில் கூழ் காய்ச்சுவார். மீன் கிடைத்தால் மீன், இல்லையென்றால் முருங்கையிலை. ஒடியல் மா மட்டும் எப்போதும் இருக்கும். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைக்காத அந்தக் காலத்தில் பனைமரம்தான் எங்களுக்குச் சோறும் சீனியும்.

“பெரியம்மா, இவருக்குக் கூழ் காட்ட வேணும்” என்று முதல் நாளே ரெலிபோனில் சொல்லியிருந்தேன். மறுமுனையில் பதில் வர நேரம் எடுத்தது. “கூழ் காய்ச்சிப் பத்து வருசத்துக்கு மேலை பிள்ளை. ஓராளுக்குக் கூழ் காய்ச்சேலாது” என்றார். அவருடைய இரண்டு மகன்மாரும் இப்போது இல்லை. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

நாங்கள் போனபோது முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர் நண்டு துப்புரவாக்க, ஒருவர் பயற்றங்காய் முறிக்க, ஒருவர் பலாக்கொட்டையைத் தோல் நீக்கினார். ஒடியல் மா கைப்பு நீங்க முன்கூட்டியே தண்ணீரில் ஊறப் போட்டு வடித்திருந்தது. மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வெந்ததும், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டுக் கடைசியில் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு துழாவும் கை நிற்கக் கூடாது. பெரியம்மா துழாவிக்கொண்டே உப்புப் பார்க்கச் சொல்லி அகப்பையை நீட்டினார்.

பனையோலையில் பிளா கோலி, எல்லோரும் நிலத்தில் வட்டமாக இருந்து குடித்தோம். உறைப்பில் இவருக்குக் கண்ணும் மூக்கும் ஓடியது. “போதுமோ தம்பி?” என்று கேட்டபோது பிளாவைத் திரும்பவும் நீட்டினார். பெண்கள் சிரித்த சிரிப்பில் அயலட்டை நாய்கள் குலைத்தன.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், “மாதத்திலை ஒருக்கால் இப்பிடிக் காய்ச்சினால் என்ன? ஆளுக்கொரு சாமான் போட்டால் செலவும் பெரிசில்லை” என்று. பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் பானையைக் கழுவி வழமைபோல் பரணில் ஏற்றாமல் அடுப்படி வாசலிலேயே கவிழ்த்து வைத்தார்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

இது எங்கள் இருவருடைய மூன்று நாள் சாப்பாட்டுக் கதை. ஆனால் வாசகிகளே, இதிலிருந்து உங்களோடு பகிர விரும்புவது சில உண்டு.

வீட்டோடு பலகாரம், தோசை, இடியப்பம் செய்து விற்கும் சகோதரிகள் உங்களில் பலர். மா, எண்ணெய், காஸ் அல்லது விறகு என்று செலவு எழுதும்போது உங்கள் கைவேலை நேரத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி மா அரைப்பதற்கும் ஒரு பெறுமதி உண்டு. பொதியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். இடம் இருந்தால் இரண்டு கதிரையாவது போடுங்கள். வாங்க வரும் இன்னொரு பெண் அதில் இருப்பாள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறவர்கள், சீட்டுப் பிடிக்கிறவர்கள், மாதத்தில் ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கிப் பாருங்கள். வீண்செலவு என்று சிலர் சொல்லக்கூடும். வருடம் முழுவதும் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டு, கடைசியில் பானையின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் ஒரு நாள் இன்னொரு பெண் சமைத்ததை இருந்து சாப்பிடுவது வீண்செலவு ஆகாது. அந்தக் காசு இன்னொரு பெண்ணின் அடுப்புக்குத்தான் போகிறது.

தனியாகப் போகக் கூச்சமென்றால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை கிளினிக்குக்கோ கந்தோருக்கோ போகும் நாளில், அலுவல் முடிந்ததும், பணிஸோடு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கடைக்காரர் “பார்சலோ?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லுங்கள். கதிரையை இழுத்துப் போட்டு, என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லி, ஆறுதலாக இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.